யெஸ்டியைச் சாய்த்தவர்

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த மனிதரோடு இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியதற்கு யாராவது எனக்கு ஒரு பட்டயம் எழுதித் தர வேண்டும். என் வண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்படியே சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. நான் பகலில் தூங்குகிறவள் இல்லை. எழுந்தபோது மணி நாலரை. தலை கனத்துக் கிடந்தது. நாக்கின் ஓரம் எரிந்தது. அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க ஆயில் கறை. கூட்டுறவு சங்கத்தில் பேரேடு எழுதுகிறவர் சட்டையில் ஆயில் எங்கிருந்து வரும்? எழுந்து வாசலுக்குப் போனேன். போர்ட்டிகோவில் என் யெஸ்டி பைக் நிற்கிறது. இடதுபக்க எஞ்சின் கவரில் நீளமாக ஒரு விரிசல். தரையெல்லாம் ஆயில்.

கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்.

"வெளிய வெயில்ல நிக்குதேன்னு உள்ள கொண்டாந்து நிறுத்தலாம்னு பாத்தேன் மணி. கிக்கரை உதைச்சேன், அப்படியே சாஞ்சிருச்சு."

யார் கேட்டார்கள் இந்த உபகாரத்தை? காலையில் கழுவி, காயட்டும் என்று நான்தான் வெளியே நிறுத்தியிருந்தேன். பத்தொன்பது வருடமாக அந்த வண்டி வீட்டில் இருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொடாத மனிதருக்கு இன்றைக்குத்தானா கை அரிக்க வேண்டும்?

அக்டோபர் 12 வால்பாறைப் பயணம். இந்த ஊர்ப் பழைய வண்டிக்காரர்கள் முப்பது பேர் வருடத்துக்கு ஒருமுறை ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போகிறோம். முப்பது பேரில் பெண் நான் ஒருத்திதான். பதினோரு வருடத்தில் ஒரு வருடம்கூட விட்டதில்லை. மழை, காய்ச்சல், மாமியார் கண் ஆப்பரேஷன், எதற்கும் விட்டதில்லை. இந்த மனிதரின் புத்திசாலித்தனத்தால் இந்த வருடம் நின்றுபோனால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

குற்ற உணர்ச்சி இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். டேங்கைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் ததும்ப நிரம்பியிருக்கிறது. பெட்ரோல் போட்டு என் வாயை அடைக்கப் பார்க்கிறார். நடக்காது.

இடது முழங்கையில் சிராய்ப்பு. எந்தக் கதவில் இடித்தேனோ தெரியவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலி. நாக்கில் புண். காபியே குடிக்க முடியவில்லை. நேற்று ரசத்தில் அவர் மிளகை அள்ளிப் போட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வலியோடு கவரைக் கழற்றினேன். ஆயிலை வடித்து, லீவரைக் கழற்றி, திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து. யெஸ்டியில் கிக்கர் என்று தனியாக ஒன்று கிடையாது. இடதுபக்கம் இருக்கும் கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே தூக்கி நிறுத்தினால் அது கிக்கர். வண்டி ஸ்டார்ட் ஆனதும் முன்னால் மடக்கிவிட்டால் மறுபடியும் கியர். இதைப் பழகாதவர்கள் பெரிய பெரிய மெக்கானிக்குகளாக இருந்தாலும் முழிப்பார்கள். அந்த லீவரும் வளைந்திருக்கிறது. விரிசல் லீவரின் தண்டு நுழையும் துளையில் தொடங்கிக் கீழ்விளிம்புவரை போகிறது. பதினொன்றரை சென்டிமீட்டர்.

நான் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வார்ப்படம் சோதிக்கிறேன். என் வேலையே விரிசல் பார்ப்பதுதான். தலைமுடி அளவு விரிசலை வெறும் கண்ணால் பிடித்துச் சிவப்புப் பெயின்ட் பூசிக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன். என் வீட்டு வாசலிலேயே இப்படி ஒன்றைப் பார்க்க வைத்துவிட்டார்.

இந்தக் கவர் இப்போது எங்கும் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் புது அச்சில் வார்த்த தகரம். ஆர்கான் வெல்டிங்தான் வழி. கணபதி ஏரியாவில் அமல்தாஸ் பட்டறை வைத்திருக்கிறான், அலுமினியத்தில் அவன் கை சுத்தம்.

"நா கொண்டுபோய்க் குடுத்தர்றேன் மணி. நீ அலையாத" என்று கவரை வாங்கிக்கொண்டார். போட்டு உடைத்தவர்தானே, அலையட்டும்.

செப்டம்பர் 17, புதன்

கவர் இன்னும் ஸ்கூட்டர் டிக்கியிலேயே இருக்கிறது. இரண்டு நாளாக! என்ன ஜென்மமோ.

செப்டம்பர் 19, வெள்ளி

கோபத்தில் பேனாவை அழுத்தியதில் தாளே கிழிந்துவிட்டது.

சாயங்காலம் கவரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். விரிசல்மேல் குழாய் ஓட்டை அடைக்கிற சாம்பல் நிறப் பசையைத் தடவி, அதன்மேல் சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறார். குழந்தைகள் களிமண்ணில் பிள்ளையார் பிடிப்பதுபோல.

"அமல்தாஸ் ஊர்ல இல்லியாம். மாமனார் வீட்டுக்குப் போயிருக்கறானாம். அதான் நானே..."

"ஏனுங்க, உள்ளே கொதிக்கிற ஆயில் ஓடுது. இந்தப் பசை எத்தன நாளைக்கு நிக்கும்?"

"நிறுத்தி வெச்சிருந்தா நிக்குமே" என்கிறார்.

நிறுத்தி வைக்கவா நான் வண்டி வைத்திருக்கிறேன்? கொலுவிலா வைக்கப் போகிறேன்? நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு லூர்து டீச்சர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். பார்க்கட்டும்.

இன்னொன்றும் நடக்கிறது, அதையும் எழுதி வைக்கிறேன். இந்த வாரம் முழுக்க என்னை ஸ்கூட்டரில் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறார். ஸ்கூட்டர் சாவியை என் கையில் தருவதே இல்லை. கேட்டால், "நீ வண்டியில்லாம கஷ்டப்படறியே" என்கிறார். யாரால் வண்டியில்லாமல் போனேன்?

செப்டம்பர் 21, ஞாயிறு

லூர்து டீச்சர் ஒரு தட்டு நிறைய ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தார். எதற்கு என்று தெரியவில்லை, அவர்கள் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார். "வண்டிதானே, சரி பண்ணிடலாம்" என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். பார்க்க வேண்டியதுதான், ஊருக்கே தெரிந்துவிட்டது அவர் செய்த காரியம்.

டீச்சர் போனதும் இவர் ஆரம்பித்தார். சங்கத்தில் இலவச மருத்துவ முகாமாம். தலையிலிருந்து கால்வரை எல்லாச் சோதனையும் உண்டாம். நரம்பு டாக்டர்கூட வருகிறாராம். இருவரும் போகலாமாம்.

எனக்கென்ன வந்தது? எனக்குச் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா? பேச்சை வண்டியிலிருந்து திருப்புவதற்கு என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறார். வேண்டுமானால் அவர் போய்த் தன் மூளையை ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். அதற்கும் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வால்பாறைப் பயணத்தை ஏற்பாடு செய்கிற தேவசகாயம் போன் செய்தார். "என்னுங்க வசந்தாமணி, இந்த வருசம் நீங்க வர்லீன்னு சார் சொன்னாராமே, நம்பவே முடியலீங்" என்கிறார்.

வருகிறேன் என்று சொன்னேன். உயிரே போனாலும் வருகிறேன் என்று சொன்னேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, டவுன்பஸ் ஏறி நானே கணபதிக்குப் போனேன். அமல்தாஸ் பட்டறையில்தான் இருக்கிறான். வாயில் பீடியோடு.

"மாமனார் வீட்ல இருந்து எப்ப வந்தே?"

"எங்கீங்க்கா போனேன்? எனக்கு மாமனாரே கெடையாதுங், அவரு போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு." பீடியைக் கீழே போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார்தானுங் வந்தாரு. அவசரமில்ல, அக்டோபர் பதினஞ்சுக்கு மேல செஞ்சாப் போதும், அதுவரைக்கும் அக்கா போன் பண்ணுனா வெளியூர்ல இருக்கறேன்னு சொல்லீருன்னாரு. அன்னிக்கு அவரு மொகமே செரியில்லீங்க்கா. அழுதாப்புல இருந்துச்சு."

அழுதாராம்!

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. வண்டி தற்செயலாகச் சாயவில்லை. வேண்டுமென்றே சாய்த்திருக்கிறார். இருபத்தொன்பது ஆண்களோடு பெண்டாட்டி மலையேறுவது பதினோரு வருடமாக இவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே மட்டும் பெருந்தன்மை. ஒவ்வொரு வருடமும் ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்து, வாசலில் நின்று கையாட்டி, நன்றாக நடித்திருக்கிறார். எனக்கு ஐம்பத்தொரு வயது. இனிமேல் என்ன பயம் இவருக்கு? இத்தனை காலம் இந்த மனிதரை நல்லவர் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் கவர். பிறகு கச்சேரி.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளை காலை பத்து மணிக்கு அமல்தாஸ் பட்டறை. அதற்குள் பசையைச் சுரண்டிவிட்டுக் கவரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு உள்ளே ஏறிய ஆயிலை எடு

எடுக்க வேண்டும் என்று எழுத வந்தேன். பேனா பக்கத்தின் ஓரம்வரை கோடு இழுத்துப் போயிருக்கிறது. பேனாவும் கீழே கிடந்தது. காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. இந்தக் காலத்தில் ஒரு பேனாவைக்கூட உருப்படியாகச் செய்கிறார்களா? புதிது வாங்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

வெல்டிங் முடிந்தது.

அமல்தாஸ் நேராகத் தீயை வைக்கப் பார்த்தான். விடவில்லை. விரிசல் கீழ்விளிம்பில் முடிகிறது, ஆனால் நடுவில் ஒரு கிளை பிரிந்து உள்பக்கம் ஓடுகிறது. அதன் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போடாவிட்டால், சூடு ஏற ஏற அது இன்னும் ஓடும். வெள்ளை மாவு தடவி அந்தக் கிளையைக் காட்டினேன். "கண்ணாங்க்கா இது, பூதக்கண்ணாடியா?" என்றான். ஓட்டை போட்டு, விரிசல் முழுவதையும் வாய்க்கால்போல் பறித்து, பிறகு கவரை அடுப்பில் சூடேற்றினோம். சூடேற ஏறக் கறுப்பு ஆயில் உள்ளேயிருந்து பொங்கிப் பொங்கி வந்தது. துடைத்தோம். மறுபடி வந்தது. நாலு தடவை. உலோகத்துக்குள் இவ்வளவு ஆயில் இருக்கும் என்று பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள்.

பிறகுதான் ஆர்கான். அவன் பூசிய தையலைக் குறை சொல்ல என்னாலேயே முடியவில்லை. அடுக்கி வைத்த காசுபோல் வரிசையாக விழுந்திருந்தது. சட்டென்று ஆறினால் வெடிக்கும் என்பதால் சாம்பலுக்குள் புதைத்து வைத்தான்.

"நீங்க வீட்டுக்குப் போங்க்கா. ஆறுனதும் நானே கொண்டாந்து குடுக்கறேன்."

"இந்தக் கவர் என் கண்ணை விட்டுப் போறதா இல்ல" என்று சொல்லி இரண்டரை மணி நேரம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போன் பதினாறு தடவை அடித்தது. வீட்டுக்காரர். எடுக்கவில்லை. கடைசியில் பட்டறை வாசலுக்கே வந்து நின்றார், சட்டையெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் ஸ்கூட்டர்மேலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டார். திட்டு தோற்றுப் போனவர் வேறெப்படி உட்காருவார்?

திட்டம் என்று எழுத நினைத்துத் திட்டு என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், இரண்டும் பொருந்தும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் கண்ணாடித் தகடுமேல் உப்புத்தாளை விரித்துக் கவரின் விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கினேன். வெல்டிங் பூசிய இடத்துக்கு வெளியே சாக்பீஸ் கரைத்துப் பூசிக் காயவைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெள்ளைச் சாக்பீஸில் ஈரம் தெரிந்துவிடும். தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

சந்தோஷமாக, ஆயில் கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கெட் காகிதம் வெட்டிக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்தேன். கவரைப் பொருத்துவதற்கு முன்னால் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றவில்லை. வண்டி கியரில் இருக்கிறது. செகண்ட் கியரில்.

பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் வண்டியைக் கியரில் நிறுத்தியதில்லை. பரணிலிருந்து வளைந்த லீவரை எடுத்து வந்தேன். எங்கே வளைந்திருக்கிறது என்று அன்று கோபத்தில் சரியாகப் பார்க்கவில்லை. மேலே நிறுத்தி உதைக்கும்போது விழுந்திருந்தால் ஒருவிதமாக வளையும், முன்னால் மடங்கியிருக்கும்போது விழுந்திருந்தால் வேறுவிதமாக வளையும். இது மடங்கிய நிலையில் வளைந்தது. இதில் சந்தேகமே இல்லை. தினமும் இருநூறு உருப்படி பார்க்கிறவள் சொல்கிறேன்.

விழும்போது வண்டி நின்றுகொண்டிருக்கவில்லை. செகண்ட் கியரில் ஓடிக்கொண்டிருந்தது.

அவரைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு எப்படி ஸ்டார்ட் பண்ணுனீங்க? காட்டுங்க."

"எதுக்கு மணி இப்ப?"

"காட்டுங்க."

லீவரைத் தண்டில் மாட்டித்தான் வைத்திருந்தேன், இடதுபக்கத்தில், கண்ணெதிரே. அவர் வலதுபக்கம் போனார். குனிந்து தேடினார். கால்மிதியைத் தொட்டார், விட்டார். கடைசியில் பிரேக்கின்மேல் காலை வைத்து என்னைப் பார்த்தார்.

"இதானே?"

"அது பிரேக்குங்க."

காலை எடுக்கவில்லை. அப்படியே நின்றார். இவர் இந்த வண்டியை உதைத்ததே இல்லை. கிக்கர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

"யாருங்க வண்டி ஓட்டுனது?"

படியில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து சொன்னார்.

"நீதான் அம்மணி. பெட்ரோல் போட்டுட்டு வந்தே. நம்ம சந்து திரும்பறப்ப வலிப்பு வந்து விழுந்துட்டே."

செப்டம்பர் 29, திங்கள்

நேற்று நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. கத்தியதில் ஒன்றைக்கூடத் திரும்பப் பெறவும் போவதில்லை.

இரண்டு வாரம். பதினாலு நாள். என் உடம்பில் நடந்தது லூர்து டீச்சருக்குத் தெரியும், அவரும் சேர்ந்துதான் என்னைத் தூக்கி உள்ளே கொண்டுவந்திருக்கிறார். அமல்தாஸுக்குப் பாதி தெரியும். மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், அவரிடம் இவர் போய் யோசனை கேட்டிருக்கிறார். எனக்கு மட்டும் தெரியாது. நான் என்ன, இந்த வீட்டு மேஜையா? யாரைக் கேட்டு என் உடம்பை என்னிடமிருந்து ஒளித்தார்? கம்பெனியில் நான் ஓடுகிற சாணைக்கல் பக்கத்தில் நிற்கிறேன். கணபதிக்கு நெரிசலில் ரோடு தாண்டிப் போனேன். முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பேன் அல்லவா?

போயிருப்பேனா?

போயிருப்பேன். அப்படித்தான் எழுதுவேன்.

26ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தேன். பேனாமேல் ஒரு குற்றமும் இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கவர் இல்லாமல் நிற்கிற வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவர் செவ்வந்தி மாலை வாங்கி வந்திருந்தார். முகத்தைப் பார்க்காமலே வாங்கி ஹேண்டிலில் போட்டேன்.

அக்டோபர் 4, சனி

நரம்பு டாக்டர். என்னைவிட இருபது வயது சின்னப் பெண்.

"என்ன நடந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். வாயைத் திறந்தேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கு நடந்தது, எனக்குத் தெரியாது. டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன், யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல. இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு நடந்ததில்லை.

ஸ்கேன் படத்தையும் அவரிடம்தான் நீட்டினார்கள். "இங்க குடுங்க" என்று பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இடதுபக்கம் ஒரு சின்ன வடு. சிறுவயதில் கடுங்காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார். இருக்கலாம், அதைச் சொல்ல என் பிறந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. டைரியில் 26ஆம் தேதிக் கோட்டையும் காட்டினேன். பார்த்துவிட்டு, அதுவும் அதேதான் என்றார்.

மாத்திரை. காலை ஒன்று, மாலை ஒன்று. நல்ல தூக்கம். வண்டி கூடாது, ஸ்கூட்டரும் சேர்த்து.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷம் ஒண்ணும் வராம இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"பன்னெண்டாம் தேதி வால்பாறைக்கு மட்டும் ஒரே ஒரு நாள்..."

"நாப்பது வளைவுல எந்த வளைவுல வரும்னு உங்களால சொல்ல முடியுமாம்மா?" என்றார்.

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். கோபத்தில்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

கவரைப் பொருத்தினேன். லீவரைச் சூடுபண்ணி நிமிர்த்தினேன். புது ஆயில் ஊற்றினேன். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தியபடியே உதைத்தேன். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை உதைக்கக்கூடாது என்று அந்த டாக்டர்ப் பெண் சொல்லவில்லை. மூன்றாவது உதையில் பிடித்தது. கால்மணி நேரம் ஓடவிட்டு, கீழே வெள்ளைத்தாள் போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. இப்படி ஒரு வெல்டிங்கை என் கம்பெனியில் யாரும் செய்ததில்லை.

அணைத்துவிட்டு அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அன்றைக்கு நான் ரோட்டில் கிடந்த நேரமும் என்னுடையது, அது அவரிடம் இருக்கிறது, ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"சத்தம் கேட்டு ஓடியாந்தேன். நீ வண்டிக்கு அடியில கெடந்தே. காலு கையெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. ஹெல்மெட்டு ரோட்டுல டக்கு டக்குன்னு அடிக்குது. வாயில ரத்தம். வண்டியத் தூக்கறதுக்கு எனக்கு எங்க புடிக்கறதுன்னு தெரியல. டீச்சர்தான் ஓடியாந்து அந்தப்பக்கம் புடிச்சாங்க. அப்பறம் வெட்டறது நின்னுச்சு. மூச்சும் நின்ன மாதிரி இருந்துச்சு. நீ போயிட்டேன்னுதான் நெனச்சேன் மணி. உள்ள கொண்டாந்து படுக்க வெச்சோம். ஆம்புலன்சுக்குச் சொல்லலாம்னு டீச்சர் போனை எடுக்கறாங்க, நீ லேசா கண்ணத் தொறந்தே. ரெண்டு மணி நேரம் அப்படியும் இப்படியுமா தூங்குனே. அதுக்குள்ள வண்டிய இழுத்தாந்து போர்ட்டிகோவுல நிறுத்துனோம். நாலரைக்கு எந்திரிச்சு நேரா வாசலுக்குப் போனே. வண்டியப் பாத்தே. 'யாருங்க வண்டியச் சாய்ச்சது'ன்னு கேட்டே."

"நீங்க உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"நீ அவ்வளவு கோவமா கேட்டே. ரெண்டு மணிக்குச் செத்துட்டான்னு நெனச்சவ, நாலரைக்கு எந்திரிச்சு எம்மேல கோவப்படறா. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. நான்தான்னு சொல்லீட்டேன். அப்பறம் அத எப்படி மாத்தறதுன்னு தெரியல."

நான் அவரை மன்னிக்கவில்லை. இரண்டு வாரம் என்னை ஏமாற்றியதற்கு எந்தக் காலத்திலும் மன்னிக்கமாட்டேன். தோசைக்கு மாவு இருந்தது, ஊற்றிக் கொடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தேவசகாயம் காலை ஐந்தரைக்குப் போன் செய்தார். நானே சொன்னேன், சுற்றி வளைக்காமல். "எனக்கு வலிப்பு வந்திருக்குங்க. ஒரு வருசம் ஓட்டக்கூடாதுன்னு சொல்லீட்டாங்க." அந்த வார்த்தையை வெளியாள் ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, வேறு யாராவது என் வண்டியை ஓட்டிக்கொண்டு வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். என் வண்டியை வேறு ஒருத்தன் ஓட்ட, நான் வீட்டில் வழியனுப்பிக்கொண்டு நிற்கவா?

போனை வைத்துத் திரும்பினால், வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார். கையில் ஒரு பையும் இரண்டு எலுமிச்சம்பழமும்.

"பொள்ளாச்சியில இருந்து ஏழரைக்கு வால்பாறை பஸ் இருக்குது. கெளம்பு மணி."

இந்த மனிதருக்கு மலை ஆகாது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனபோது வழியெல்லாம் வாந்தியெடுத்து, அதோடு மலைப்பக்கம் தலைவைத்தே படுப்பதில்லை. பதினோரு வருடமும் வாசலோடு கையாட்டி நின்றதற்கு அதுதான் காரணம். நான்தான் முள் குத்துகிறது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

போனோம். ஜன்னலோரம் எனக்கு. ஆழியாறு தாண்டி நாலாவது வளைவில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. ராஜ்தூத், புல்லட், இரண்டு ஜாவா, எல்லாவற்றையும் சத்தத்திலேயே தெரியும். வரிசையாக எங்களைத் தாண்டிப் போனார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. இவர்களையெல்லாம் மேலே ஏற விட்டுவிட்டு என்னை மட்டும் பஸ்ஸில் உட்காரவைத்தது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடியே வந்தார். ஒன்பதாவது வளைவில் முகம் வெளுத்தது. பதினைந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டாவது வளைவில் பையை விரிப்பதற்குள் முடிந்துவிட்டது. என் புடவை, இருக்கை, நடைபாதை எல்லாம்.

கண்டக்டர் முன்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

"யாருங்க அது பஸ்ஸுக்குள்ள வாந்தி எடுத்தது? ஜன்னல் எதுக்கு இருக்குது? சொல்லீருந்தா வண்டிய நிறுத்தீருக்க மாட்டமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"நான்தானுங்க" என்றேன்.

"பாத்தா வெவரமானவங்களாட்ட இருக்கறீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று ஆரம்பித்து அந்த ஆள் வாய்க்கு வந்தபடி பேசினார். வேறொரு நாளாயிருந்தால் அவரைப் பஸ்ஸை விட்டு இறக்கியிருப்பேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இன்னும் இருபத்திரண்டு வளைவு பாக்கி இருந்தது.